முதல் சப்ரஸர் எது? .22-க்கு மட்டுமா, 9 மி.மீ.-க்கா, எல்லாவற்றுக்கும் ஒன்றா?

கடந்த சில மாதங்களாக எனக்கு வரும் கடிதங்களில் பாதி ஒரே கேள்வியோடு வருகின்றன. "அண்ணா, என்னிடம் ஒரு ரூகர் .22-ம் ஒரு கிளாக் 19-ம் இருக்கின்றன. இப்போதைக்கு ஒரு சப்ரஸர்தான் வாங்க முடியும். எதை வாங்கட்டும்?" சப்ரஸர் என்பது துப்பாக்கிக் குழலின் முனையில் பூட்டிச் சத்தத்தைக் குறைக்கும் உருளை, பேச்சில் கேன். .22, .45 என்பவை அங்குலத்தில் தோட்டாவின் விட்டம், கிளாக் 19 ஒரு 9 மி.மீ. கைத்துப்பாக்கி. கடைக்காரர் .45 கேனைக் காட்டி "எல்லாத் துப்பாக்கிக்கும் இது ஒன்று போதும்" என்கிறாராம். ரேஞ்சில் பழக்கமான நண்பர் 9 மி.மீ. என்கிறாராம். எல்லாருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட, டெக்சஸில் இருந்துகொண்டு இந்த மூன்று வகையையும் சுட்டுப் பார்த்தவன் என்ற முறையில் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

கேள்வி இப்போது குவிவதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் 1934-ல் வந்த தேசியத் துப்பாக்கிச் சட்டம் சப்ரஸர் ஒவ்வொன்றுக்கும் 200 டாலர் வரி போட்டது. இன்றைய மதிப்பில் அது 4,000 டாலருக்கும் மேல். வாங்கவிடாமல் தடுக்கவே போட்ட வரி. அந்த 200 டாலர் தொண்ணூறு ஆண்டுகள் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. 2025 ஜூலை 4-ல் கையெழுத்தான சட்டத்தால், 2026 ஜனவரி 1 முதல் சப்ரஸருக்கு அந்த வரி பூஜ்யம். பதிவும் கைரேகையும் மட்டும் அப்படியே நீடிக்கின்றன.

இந்த மாற்றம் விலையோடு நிற்கவில்லை. எதை முதலில் வாங்குவது என்ற பழைய அறிவுரையையே அது செல்லாததாக்கிவிட்டது. "வரியை ஒருமுறைதான் கட்ட வேண்டும், அதனால் பெரிய .45 கேனாக வாங்கு" என்று சொல்லி வந்தவர்கள் அன்று சரியாகத்தான் சொன்னார்கள். 300 டாலர் .22 கேனுக்கு 200 டாலர் வரி கட்ட யாருக்கு மனம் வரும்? இன்று அந்தக் கணக்கு கிடையாது. ஆனால் அறிவுரை மட்டும் கடைக்குக் கடை இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

## வாங்கலாமா என்பதே முதல் கேள்வி

கலிபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட், ஹவாய், இல்லினாய், டெலவேர் ஆகிய எட்டு மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும் பொதுமக்கள் சப்ரஸர் வைத்திருக்க முடியாது. மற்ற 42 மாநிலங்களில் முடியும். டீலரிடம் வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும்.

நம்மவர்கள் கவனிக்க வேண்டிய இடம் விசா. ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. ஆனால் வழக்கறிஞரிடம் கேட்காமல் அந்த விலக்கை நம்பி இறங்காதீர்கள். கிரீன் கார்டு வரிசையில் பத்தாண்டு காத்திருப்பவர், பொழுதுபோக்கு ஒன்றுக்காக அத்தனையையும் பணயம் வைக்கலாமா? கிரீன் கார்டோ குடியுரிமையோ கைக்கு வந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

இணையத்தில் "சால்வென்ட் டிராப்" (கழுவும் திரவத்தைப் பிடிக்கும் உருளை) என்ற பெயரில் மலிவாக விற்கும் உருளைகள் பக்கமே போகாதீர்கள். பதிவில்லாத சப்ரஸர் ஒன்றை வைத்திருந்தாலே 10 ஆண்டு வரை சிறை. 40 டாலருக்கு வரும் பொட்டலத்தில் அந்த ஆபத்து மொத்தமும் சேர்ந்தே வருகிறது.

## ஒப்பிடும் அளவுகோல்கள்

அளவுகோல்களுக்கு முன் இந்தக் கருவி என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1909-ல் ஹிராம் பெர்சி மாக்சிம் இதற்குக் காப்புரிமை வாங்கினார். இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த மாக்சிமின் மகன். அவருடைய நிறுவனம் பின்னாளில் எஞ்சின்களுக்கும் சைலன்சர் செய்தது. நம் ஊர் பைக்கில் தொங்கும் சைலன்சரும் துப்பாக்கிக் கேனும் அப்படிப் பார்த்தால் உறவுக்காரர்கள். இரண்டிலும் சூடான வாயு ஒரேயடியாக வெளியே பாயாமல், பாஃபிள் என்னும் தடுப்புகளுக்கு இடையே சுழன்று, ஆறி, மெதுவாக வெளியேறுகிறது.

துப்பாக்கியின் சத்தம் மூன்று இடத்திலிருந்து வருகிறது: குழல்வாயில் வெடித்து வெளியேறும் வாயு, ஒலியைவிட வேகமாகப் பறக்கும் தோட்டாவின் சொடுக்கு, ஸ்லைடோ போல்ட்டோ அடித்துத் திரும்பும் உலோகச் சத்தம். கேன் அடக்குவது முதலாவதை மட்டுமே. இரண்டாவதைத் தோட்டாவை மாற்றித்தான் அடக்க முடியும். மூன்றாவது அப்படியே இருக்கும்.

எண்களில் சொன்னால், கேன் இல்லாத 9 மி.மீ. கைத்துப்பாக்கி 160 டெசிபல் அளவில் வெடிக்கும். .22 ரைஃபிள் ஏறக்குறைய 140. அமெரிக்காவில் திடீர் வெடிச்சத்தத்துக்கு வைத்திருக்கும் எல்லையும் 140 டெசிபல்தான். நல்ல கேன் 20 முதல் 35 டெசிபல் வரை குறைக்கும். டெசிபல் அளவில் ஒவ்வொரு 10-ம் பத்து மடங்கு என்பதால் அது மிகப் பெரிய குறைப்பு. ஆனாலும் 9 மி.மீ. 125-க்கும் 135-க்கும் இடையே நிற்கும். "சைலன்ட்" என்று நம்பிக் காதுக்காப்பைக் கழற்றிவிடாதீர்கள். உள்ளரங்கச் சுடுதளத்தில் கட்டாயம் கழற்றக் கூடாது. காதுக்குள் விடாமல் ஒலிக்கும் 'ங்ங்' சத்தம் ஒருமுறை வந்துவிட்டால் பலருக்குத் திரும்பிப் போவதில்லை.

இனி அளவுகோல்கள். நான் முதலில் பார்ப்பது, வருடத்தில் எந்தத் துப்பாக்கியில் அதிகம் சுடுகிறீர்கள் என்பது. உங்களிடம் என்னென்ன இருக்கின்றன என்பதை நான் கேட்கவில்லை, எதில் சுடுகிறீர்கள் என்று கேட்கிறேன். இரண்டாவது, அழுக்கும் அதைக் கழுவும் வழியும். மூன்றாவது, துப்பாக்கியில் பூட்டும் முறை. நான்காவது, குழல் முனையில் தொங்கப்போகும் எடை. ஐந்தாவது, கேன் விலையோடு பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் செலவுகள்.

ஆறாவது ஒன்று இருக்கிறது. பலர் அதை யோசிப்பதே இல்லை: இதைத் திருப்பிக் கொடுக்கவோ லேசில் விற்கவோ முடியாது. விற்றாலும் அடுத்தவர் பெயருக்குப் புதிதாகப் படிவம் 4 என்னும் கைமாற்றப் படிவம், புதிதாகக் கைரேகை, புதிதாகக் காத்திருப்பு. மாநிலம் தாண்டினால் நடுவில் டீலர் வேண்டும். பழைய கேன்களுக்குச் சந்தை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. உள்ளே ஒரு பாஃபிள் உடைந்தால்கூட உதிரியாக ஒன்று வாங்கிப் போட முடியாது, ஏனென்றால் தனி பாஃபிளும் சட்டத்தின் கண்ணில் ஒரு சப்ரஸர்தான். உரிமம் பெற்ற தயாரிப்பாளருக்கு அனுப்பித்தான் சரிசெய்ய வேண்டும். ஆகவே தயாரிப்பாளரின் உத்தரவாதமும் விலையில் ஒரு பகுதி என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

## தேர்வு 1: .22-க்கென்றே செய்த கேன்

விலை 250 முதல் 500 டாலர். எடை 100 முதல் 200 கிராம். நீளம் ஐந்தாறு அங்குலம். டெட் ஏர் மாஸ்க், சைலன்சர்கோ ஸ்பாரோ, நீளத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிற ரக்டு ஒக்குலஸ், சைலன்சர்கோ ஸ்விட்ச்பேக் ஆகியவை நீங்கள் கடையில் பார்க்கப்போகும் பெயர்கள்.

முதல்முறை கேன் பூட்டிய .22 ரைஃபிளில் மெதுவேகத் தோட்டா (ஒலியைவிட மெதுவாகப் பறப்பது) போட்டுச் சுட்டுப் பாருங்கள். ட்ரிகர் விழும் 'டக்', போல்ட் திரும்பும் 'சளக்', அப்புறம் ஒரு கணம் கழித்து ஐம்பது கெஜத்துக்கு அப்பால் இரும்புத் தட்டின் 'டிங்'. அந்த மூன்றும் தனித்தனியாகக் காதில் விழும். இவ்வளவு காலமும் அந்தத் தட்டு இப்படி ஒலித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது, வெடிச்சத்தத்தில் நமக்குக் கேட்டதில்லை. என் மகள் முதல் தடவை .22 பிடித்தபோது அவளைப் பயமுறுத்தியது உதைப்பு இல்லை, சத்தம். கேன் பூட்டிக் கொடுத்ததும் கண் சிமிட்டுவது நின்றது. அடுத்த அட்டையில் பத்துத் தோட்டாவும் ஒரு கை அளவுக்குள் விழுந்தன. புதிதாகக் கற்றுக்கொள்பவர் வீட்டில் இருந்தால், இந்த ஒன்றே .22 கேனை முதலில் வாங்கப் போதுமான காரணம்.

தோட்டாவும் எளிது. ஒலியின் வேகம் சாதாரண வெப்பநிலையில் நொடிக்கு ஏறக்குறைய 1,125 அடி. சிசிஐ ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி 1,070 அடியில் போகிறது, அதாவது சொடுக்கு இல்லை. அதே நிறுவனத்தின் குவைட்-22 வெறும் 710 அடி. ஆனால் அது பெரும்பாலான அரைத்தானியங்கித் துப்பாக்கிகளை இயக்காது, போல்ட்டைக் கையால் இழுக்க வேண்டிவரும். கைத்துப்பாக்கியின் குட்டைக் குழலில் வேகத் தோட்டாக்கள்கூடப் பெரும்பாலும் ஒலிவேகத்துக்குக் கீழேயே இறங்கிவிடும். ஆக, சத்தம் குறைய நீங்கள் தோட்டாவுக்கென்று கூடுதலாகச் செலவழிக்க வேண்டியதில்லை. ஒரு தோட்டா 10 சென்ட் பக்கம் முடிந்துவிடும்.

பூட்டுவதும் சுலபம். ரூகர் மார்க் 4, ரூகர் 10/22 போன்றவற்றின் குழல் அசையாதது. மரை வெட்டிய குழல் இருந்தால் கேனைச் சுழற்றிப் பூட்டினால் தீர்ந்தது. டாரஸ் டிஎக்ஸ்22-க்கு அடாப்டர் பெட்டியிலேயே வரும். வால்தர் பி22-க்குத் தனியாக வாங்க வேண்டும்.

இவ்வளவு நல்லதுக்கும் ஈடாக ஒரு தொல்லை உண்டு, அழுக்கு. .22 தோட்டாவின் ஈயத்துக்கு முழுச் செப்பு உறை கிடையாது. ஒவ்வொரு சுடலிலும் ஈயமும் கரியும் கேனுக்குள் பூச்சாகப் படியும். 300 முதல் 500 சுற்றுக்குள் திறந்து பார்க்கச் சொல்வார்கள். அதைத் தள்ளிப்போட்டவர்களின் கேனை நான் பார்த்திருக்கிறேன். பாஃபிள்கள் உருளைக்குள் சிமெண்ட் போட்டதுபோல் ஒட்டிக்கொண்டு, மரச்சுத்தியால் தட்டினாலும் வர மறுக்கும். கையில் எடுத்தால், படிந்த ஈயத்தின் எடையை உள்ளங்கையே சொல்லும்.

அதனால் .22 கேனில் நான் பார்க்கும் முதல் தகுதி, பிரிக்க முடிகிறதா என்பது. ஸ்பாரோவின் உள்ளே இரண்டு அரை ஓடுகள் பாஃபிளைப் பொதிந்திருக்கும், அழுக்கு எவ்வளவு ஏறினாலும் ஓடுகள் பிரிந்துவிடும். மாஸ்க்கில் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் கூம்பு பாஃபிள்கள். இரண்டும் நல்ல ஏற்பாடுதான். பாஃபிள் துருப்பிடிக்காத எஃகாக இருந்தால் எஃகு ஊசிகளோடு சுழலும் டம்ப்ளரில் போட்டுத் தூய்மை செய்யலாம். அலுமினியம் இலேசு, மலிவு, ஆனால் கடுமையான கழுவலைத் தாங்காது.

கழுவும்போது கையுறை போடுங்கள். சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த "டிப்" என்று ஒன்று சொல்வார்கள். ஈயத்தை அது நன்றாகக் கரைக்கும், ஆனால் கரைந்து கிடைப்பது லெட் அசிடேட் என்னும் நஞ்சு. அலுமினியத்தையும் அரித்துவிடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்தக் கலவைக்கு இடமே கிடையாது.

## தேர்வு 2: 9 மி.மீ. கைத்துப்பாக்கிக் கேன்

விலை 500 முதல் 900 டாலர். எடை 170 முதல் 340 கிராம். வீட்டுப் பாதுகாப்புக்கும் பயிற்சிக்கும் 9 மி.மீ. ஒன்றைத்தான் சுடுகிறீர்கள் என்றால் இதை வாங்கத் தோன்றுவது இயல்பு. ஆனால் கேனுக்குக் கொடுக்கும் தொகையோடு செலவு நிற்காது.

கிளாக் போன்ற பெரும்பாலான 9 மி.மீ. துப்பாக்கிகளில் சுடும்போது குழல் பின்னால் நகர்ந்து சற்றே சாய்ந்துதான் ஸ்லைடை விடுவிக்கும். குழல் முனையில் கால் கிலோவைத் தொங்கவிட்டால் அந்த அசைவு தடுமாறும், அடுத்த தோட்டா ஏறாது. இதற்காகக் கேனின் அடியில் நீல்சன் கருவி என்ற ஒரு சுருள்வில் அமைப்பு இருக்கும். பூஸ்டர் என்றும் சொல்வார்கள். சுட்ட கணத்தில் கேனின் எடையைக் குழலிலிருந்து பிரித்துவைத்து, வேலை முடிந்ததும் திரும்ப இழுத்துக்கொள்ளும். அதற்குள் இருக்கும் பிஸ்டன்தான் உங்கள் குழலின் மரையோடு பொருந்தும் பகுதி. மரை மாறினால் பிஸ்டன் மாற வேண்டும், ஒவ்வொன்றும் 70 முதல் 100 டாலர்.

இதே கேனைக் குழல் அசையாத 9 மி.மீ. கார்பைனில் (குட்டை ரைஃபிளில்) பூட்டினால் சுருள்வில்லை எடுத்துவிட்டு, அசையாத ஸ்பேசரைப் போட வேண்டும். மறந்தால் பூஸ்டர் உள்ளே அடித்துக்கொண்டே இருந்து பாழாகும். ஸ்பேசருக்கும் தனிக் காசு.

கிளாக் 19 வழக்கமாக மரையில்லாத குழலோடு வருகிறது, மரை வெட்டிய குழலுக்கு 150 முதல் 250 டாலர் ஆகும். கேன் பூட்டியதும் சாதாரணக் குறிகளை அது மறைத்துவிடும் என்பதால் உயரக் குறிகளுக்கு இன்னொரு 100 டாலர் பக்கம். ரெட் டாட் என்னும் சிவப்புப் புள்ளிக் குறிக்கண்ணாடி ஏற்கெனவே இருந்தால் இந்தச் செலவைத் தவிர்க்கலாம். 115 கிரெய்ன் (கிரெய்ன் தோட்டாவின் எடை அளவு) தோட்டா ஒலிவேகத்தைத் தாண்டிப் போவதால் சொடுக்கு கேட்கும். அது வேண்டாமென்றால் 147 கிரெய்ன், விலை சற்றுக் கூடுதல். 600 டாலர் கேன் என்று நினைத்துக் கிளம்பியவர் ரேஞ்சுக்குப் போகும்போது 950 டாலர் செலவழித்திருப்பார். இதைக் கடையில் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. என்னிடமும் சொல்லவில்லை.

"9 மி.மீ. கேனை .22-க்கும் போட்டுக்கொள்ளலாமே?" என்று பலர் கேட்கிறார்கள். பிரிக்க முடிகிற கேனாக இருந்து, தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால் போடலாம். சத்தமும் மோசமில்லை. ஆனால் 100 கிராம் கேன் உட்கார வேண்டிய இடத்தில் 300 கிராம் உட்காரும், ஒவ்வொரு தடவையும் ஈயக் கழுவல் வேலையும் சேரும். பிரிக்க முடியாத மூடிய கேனை .22-ல் ஒருநாளும் பூட்டாதீர்கள். ஈயம் உள்ளே போகும், வெளியே வர வழியில்லை.

இதை எதிர்த்திசையில் செய்வதுதான் ஆபத்து. .22 துப்பாக்கிக்கும் அமெரிக்க 9 மி.மீ. குழலுக்கும் வழக்கமான மரை ஒன்றேதான், 1/2×28. பல 5.56 ரைஃபிள்களிலும் அதேதான். .22 கேன் 9 மி.மீ. குழலில் தடையில்லாமல் அழகாகச் சுழன்று ஏறிவிடும். சுட்டால் தன் துளையைவிடப் பெரிய தோட்டா கேனுக்குள் பாயும். கேன் சிதறும், பக்கத்தில் நிற்பவரும் காயப்படலாம். என்னுடைய .22 கேனின் முனையில் சிவப்பு டேப் ஒன்றைச் சுற்றிவைத்திருக்கிறேன், சிவப்பு டேப் இருந்தால் ரிம்ஃபயர் (.22 வகைத் துப்பாக்கி) தவிர வேறெதிலும் ஏறாது என்பது வீட்டு விதி. இரண்டு கேன் இருக்கும் வீட்டில் இந்த ஒழுங்கு இல்லாவிட்டால் என்றாவது ஒருநாள் விபத்து நடந்தே தீரும்.

## தேர்வு 3: எல்லாவற்றுக்கும் ஒரே .45 கேன்

ரக்டு ஒப்சிடியன் 45, டெட் ஏர் கோஸ்ட் 45எம், துளைக்குக் கீழே உடல் தொங்குவதால் சாதாரணக் குறியே தெரிகிற சைலன்சர்கோ ஆஸ்பிரி 45. விலை 800 முதல் 1,000 டாலர். எடை 280 முதல் 370 கிராம். முழு நீளத்தில் எட்டு ஒன்பது அங்குலம். சிலவற்றில் முன்பகுதியைக் கழற்றிக் குட்டையாக்கலாம்.

இதன் நியாயம் எளிது. .45 தோட்டா போகும் துளையில் 9 மி.மீ.-யும் போகும், .22-ம் போகும். .45 ஏசிபியின் 230 கிரெய்ன் தோட்டா 850 அடி பக்கம்தான் பறக்கும் என்பதால் அது பிறவியிலேயே மெதுவேகம். .45 சுடுபவருக்கு இதைவிடப் பொருத்தம் வேறில்லை. சில மாடல்களை .300 பிளாக்அவுட் என்னும் ரைஃபிள் வகையின் மெதுவேகத் தோட்டாவுக்கும் அனுமதித்திருக்கிறார்கள், குழல் நீளக் கட்டுப்பாடு உட்பட அதைத் தயாரிப்பாளரின் கையேட்டில் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

குறை என்னவென்றால், 9 மி.மீ.-க்கு அந்தத் துளை தேவைக்கு அதிகம். வாயு சுலபமாக நழுவி, அதற்கென்றே செய்த கேனைவிடச் சில டெசிபல் சத்தம் கூடும். .22-ல் பூட்டினால் கொசுவை அடிக்க உலக்கை எடுத்த மாதிரி. மார்க் 4-ன் முனையில் அதை வைத்து ஒரு மணி நேரம் சுட்டுவிட்டு மணிக்கட்டைக் கேளுங்கள். பிஸ்டன்களும் ஸ்பேசர்களும் துப்பாக்கிக்குத் துப்பாக்கி வேண்டும்: அமெரிக்க .45-க்கு .578×28, ஐரோப்பிய 9 மி.மீ.-க்கு எம் 13.5×1 இடமரை, அமெரிக்க 9 மி.மீ.-க்கு 1/2×28. "ஒரே கேன்" என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு பெட்டி நிறைய உதிரிகள் இருக்கின்றன.

கையில் .45 இல்லாமல் "பிற்காலத்தில் வாங்கினால்" என்பதற்காக இதை வாங்குபவர்கள்தான் எனக்கு வருத்தம் தருகிறார்கள். வரவே வராத துப்பாக்கி ஒன்றின் எடையைத் தினமும் சுமக்கிறார்கள்.

## குழலோடு சேர்ந்தே வரும் சப்ரஸர்

ரூகர் 10/22 டேக்டவுனுக்கு வரும் சைலன்ட்-எஸ்ஆர் ஐஎஸ்பி போன்றவற்றில் குழலும் சப்ரஸரும் ஒன்றே. பார்க்க அழகு, நீளம் கூடாது, சத்தம் மிகக் குறைவு. ஆனால் ஒரே துப்பாக்கிக்கு மட்டும். இரண்டாவது, மூன்றாவது வாங்குபவர்களுக்கு நல்லது. முதலாவதாக வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | .22 கேன் | 9 மி.மீ. கேன் | .45 கேன் |
|---|---|---|---|
| கேன் விலை (டாலர்) | 250–500 | 500–900 | 800–1,000 |
| கூடவே வரும் செலவு | மிகக் குறைவு | குழல், குறி, பிஸ்டன்: 250–450 | அதே செலவு, பிஸ்டன்கள் இன்னும் அதிகம் |
| எடை (கிராம்) | 100–200 | 170–340 | 280–370 |
| .22-ல் | மிகச் சிறப்பு | முடியும், கனம் | முடியும், அநியாயக் கனம் |
| 9 மி.மீ.-ல் | கூடவே கூடாது | சிறப்பு | நன்று, சற்றுச் சத்தம் கூடும் |
| .45-ல் | கூடவே கூடாது | கூடவே கூடாது | சிறப்பு |
| கழுவல் | அடிக்கடி, கட்டாயம் | உறையுள்ள தோட்டாவுக்குக் குறைவு | .22 சுட்டால் அதிகம் |
| தோட்டாச் செலவு | குறைவு | நடுத்தரம் | அதிகம் |

விலைகள் கடைக்குக் கடை மாறும். மாநில விற்பனை வரி தனி.

## படிவமும் டிரஸ்டும்

படிவம் 4, புகைப்படம், கைரேகை அட்டை, உள்ளூர்க் காவல் தலைமை அதிகாரிக்கு ஒரு நகல். டீலரே மின்படிவமாக அனுப்பிவிடுவார். சில நாளில் ஒப்புதல் வந்தவர்களும் உண்டு, மாதக்கணக்கில் காத்திருந்தவர்களும் உண்டு. அதுவரை கேன் டீலரிடம்தான் இருக்கும்.

உங்கள் சொந்தப் பெயரில் பதிந்தால் நீங்கள் இல்லாதபோது வேறு யாரும் அதை வைத்திருக்கக் கூடாது. நீங்கள் வேலை விஷயமாக வெளியூரில் இருக்க, மனைவியிடம் பெட்டகத்தின் சாவி இருந்தால் அதுவே சிக்கலாகலாம். இருவருமே சுடுகிறீர்கள் என்றால் டிரஸ்ட் பெயரில் பதிந்து இருவரும் அறங்காவலர்களாக இருப்பது நல்லது. 2016 முதல் டிரஸ்டில் உள்ள பொறுப்பாளர் ஒவ்வொருவரும் கைரேகையும் படமும் தர வேண்டும், அதனால் வேலை இரட்டிப்பாகும். டிரஸ்ட் பத்திரத்துக்கு ஒரு சிறு தொகையும் ஆகும். வீடு மாறும்போது, போகும் வழியில் தடைசெய்த மாநிலம் எதுவும் இருக்கிறதா என்று வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

## யாருக்கு எது

.22-ம் 9 மி.மீ.-யும் வைத்திருக்கும் பெரும்பாலோருக்கு என் பதில் .22 கேன். காசு குறைவு, சத்தக் குறைப்பு காதுக்கு உடனே தெரியும், மாதத்துக்கு ஐந்நூறு தோட்டா சுட்டாலும் கை வலிக்காது, பிஸ்டன் கணக்கு இல்லை. அதை ஒரு வருடம் வைத்திருந்து, கழுவி, பூட்டிப் பழகினால், அடுத்த கேனில் உங்களுக்கு என்ன வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும். வரி இல்லாத இந்தக் காலத்தில் இரண்டாவது கேனுக்கும் அபராதம் எதுவும் கிடையாது.

9 மி.மீ. கேனை முதலில் வாங்க வேண்டியவர்களும் உண்டு. மரைக் குழலும் ரெட் டாட்டும் ஏற்கெனவே இருப்பவர், 9 மி.மீ. கார்பைன் சுடுபவர், வருடத்தில் .22-ஐ நாலு தடவைகூட எடுக்காதவர். அவர்கள் .22 கேன் வாங்கினால் அது பெட்டகத்திலேயே கிடக்கும். பிரிக்க முடிகிற, நீளத்தைக் குறைக்க முடிகிற மாடலாகப் பாருங்கள். .45 கேன், .45 கையில் இருந்து அதை உண்மையாகவே சுடுகிறவருக்கும், மாநில மாற்றமோ வேறு காரணமோ இனி இன்னொரு படிவம் போட வாய்ப்பில்லாதவருக்கும்.

எதை வாங்கினாலும் ஒவ்வொரு மேகசினுக்கும் நடுவில், துப்பாக்கியை வெறுமையாக்கிவிட்டு, கேனைக் கையால் திருகிப் பாருங்கள். வெடிப்பின் அதிர்வில் மரை தளரும். மூன்று வருடத்துக்கு முன் நான் ஒருநாள் பார்க்க மறந்தேன். அரைச் சுற்றுத் தளர்ந்திருந்த கேன் சற்றே தொங்க, தோட்டா முன்மூடியின் ஓரத்தை உரசிக்கொண்டு போனது. வெளியே பார்க்க அரிசி அளவு வெட்டு. உள்ளே கடைசி பாஃபிளின் விளிம்பு மடங்கியிருந்தது. தயாரிப்பாளருக்கு அனுப்பி, திரும்பி வர ஏழு வாரம்.

அதன்பின் நான் முதலில் வாங்கியது ஒரு நேர்க்கம்பி. குழலின் துளைக்கேற்ற தடிப்பில், 30 முதல் 60 டாலருக்குள் கிடைக்கும். புதுக் குழலோ புதுக் கேனோ வந்தால் முதல் தோட்டாவுக்கு முன் துப்பாக்கியை வெறுமையாக்கி, கேனைப் பூட்டி, முன்பக்கத்திலிருந்து அந்தக் கம்பியைக் குழலுக்குள் இறக்கிப் பார்ப்பேன். கேனின் வாயில் கம்பியைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே அளவு இடைவெளி தெரிய வேண்டும். ஒரு பக்கம் ஒட்டி நின்றால் அந்தக் குழலில் சுடாதீர்கள். மரை வெட்டியவரிடமே திருப்பிக் கொண்டுபோங்கள்.